3-ஆ, 4-ஆ? மெமரியை அளக்கும் டிரைவர்களும் அவற்றைப் படித்துப் பார்க்கிறவர்களும்

லினக்ஸ் கர்னலில் ஒரு சின்ன பேட்ச் இருக்கு. மாற்றம் ஒரே ஒரு எண்தான். 3 என்று இருந்த இடத்தில் 4 என்று ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பும் யாருடைய கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை, யாருடைய ஃபைலும் அழியவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக இந்த ஒற்றை எண் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அதைப் பின்தொடர்ந்து போனால் முப்பது வருஷக் கதை வந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த எண் இருந்தது சி.எக்ஸ்.எல். பி.எம்.யூ. என்ற டிரைவரில். சி.எக்ஸ்.எல். மெமரிச் சாதனங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. எத்தனை படிப்பு வந்தது, எத்தனை எழுத்து வந்தது, எத்தனை பதில் திரும்பிப் போனது, இந்த மாதிரி. இதில் ஒரு வகைப் பதில் செய்தியின் குறியீட்டு எண் 4 என்று வரையறைப் புத்தகத்தில் இருக்கு. டிரைவரில் 3 என்று இருந்தது. அந்த நிகழ்வை எண்ணு என்று கேட்டால், டிரைவர் சாதனத்திடம் வேறொரு பிட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

எனக்கு உறுத்தியது இதுதான்: டிஸ்க் டிரைவரில் தப்பு இருந்தா டிஸ்க் சொல்லிடும். நெட்வொர்க் டிரைவரில் தப்பு இருந்தா இணைப்பு அறுந்துடும். அளக்கிற டிரைவரில் தப்பு இருந்தா என்ன ஆகும்? ஒரு எண் வரும். பார்க்க நல்லாவே இருக்கும். கணக்குப்பிள்ளை தப்பா எழுதினா கடை அன்னிக்கே மூடாது இல்லையா, அந்தக் கதைதான். இந்த மாதிரிக் கோடில், அதை உட்கார்ந்து படிக்கிற இன்னொரு மனுஷனைத் தவிரப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை.

பூட்டி வைத்த பின்னிணைப்பு

பிராசஸர் தன்னைத்தானே எண்ணிக்கொள்ளும் வசதி சாதாரண கம்ப்யூட்டருக்கு வந்தது பென்டியம் சிப்பில், 1993-ல். ஆனால் அது இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இன்டெலின் கையேட்டில் சில இடங்களில் 'பின்னிணைப்பு எச் பார்க்கவும்' என்று இருக்கும். அந்தப் பின்னிணைப்பைப் புரட்டினால் விவரம் இருக்காது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள்.

நார்வேக்காரர் டெர்யே மாத்திசன் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாமல் தானே தோண்டிப் பார்த்தார். பென்டியத்தின் உள் ரெஜிஸ்டர்களைப் படித்துப் படித்து, எந்த எண்ணில் என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, 1994 ஜூலை பைட் இதழில் எழுதிவிட்டார். இரண்டு கவுன்ட்டர்கள், ஒவ்வொன்றும் 40 பிட் அகலம். எந்த நிகழ்வை எண்ண வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு ரெஜிஸ்டர். கேஷில் கிடைக்காமல் போனது எத்தனை தடவை, கிளை யூகம் தப்பியது எத்தனை தடவை என்றெல்லாம் எண்ணலாம். அடுத்து வந்த பென்டியம் புரோ சிப்பில் கவுன்ட்டரைப் படிக்கத் தனிக் கட்டளையே கொடுத்து, கையேட்டிலும் அச்சடித்துவிட்டார்கள்.

40 பிட் என்பதை ஒரு நிமிஷம் கவனிக்கணும், ஏன்னா இந்தக் கதை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும். 40 பிட்டில் சுமார் 1.1 லட்சம் கோடி வரை எண்ணலாம். 60 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் எண்ணினால், ஐந்து மணி நேரத்தில் கவுன்ட்டர் நிறைந்து மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999 தாண்டியதும் 00,000 ஆகிற மாதிரி. வண்டி எவ்வளவு ஓடியது என்று சொல்ல, மீட்டரைப் பார்த்தால் மட்டும் போதாது. கடைசியாக எப்போது பார்த்தோம், நடுவில் எத்தனை தடவை சுற்றியது என்பதும் தெரியணும்.

யாருடைய கவுன்ட்டர்?

லினக்ஸில் இந்தக் கவுன்ட்டர்களைப் பயன்படுத்தப் பல பேர் பல வழி போட்டார்கள். ஸ்வீடனின் மிக்கேல் பெட்டர்சன் பெர்ஃப்கவுன்ட்டர் போல 'பெர்ஃப்சிடிஆர்' என்று ஒன்று எழுதினார். அது கர்னலுக்கு வெளியே இருந்த பேட்ச். அறிவியல் கணக்குப் போடுகிறவர்கள் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 2004-ல் ஆண்ட்ரூ மார்ட்டனின் சோதனைக் கிளை வரைக்கும் வந்தது, பிரதான கர்னலுக்குள் நுழையவில்லை. 2002-ல் ஜான் லெவனின் ஓப்ரொஃபைல் மட்டும் உள்ளே வந்தது. அது கம்ப்யூட்டர் முழுவதையும் மாதிரி எடுத்துப் பார்க்கும் கருவி.

ஹெச்.பி.யில் இருந்த ஸ்டெஃபான் எரானியன் இட்டானியம் சிப்புக்காக பெர்ஃப்மான் என்ற ஒன்றை வளர்த்து, அதையே எல்லாச் சிப்புக்கும் பொதுவாக்கி பெர்ஃப்மான்2 என்று கொண்டுவந்தார். பல வருஷ உழைப்பு. ஆனால் அது ஒரு டஜன் அளவுக்குப் புது சிஸ்டம் கால்களைக் கேட்டது. கர்னல்காரர்களுக்குப் புது சிஸ்டம் கால் என்றாலே அலர்ஜி. ஒரு தடவை கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் காப்பாற்றணும். ரிவ்யூவில் அது சிக்கிச் சிக்கி நின்றது.

2008 டிசம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் திடீரென்று வேறொரு வடிவத்தைப் போட்டார்கள். ஒரே ஒரு சிஸ்டம் கால். கவுன்ட்டரைத் திறந்தால் ஃபைல் மாதிரி ஒரு கைப்பிடி கிடைக்கும், படித்தால் எண் வரும். எந்தக் கவுன்ட்டரை எந்த நிகழ்வுக்கு ஒதுக்குவது என்ற வேலையையெல்லாம் கர்னலே பார்த்துக்கொள்ளும். எரானியனும் பவர்பிசி உலகத்தின் பால் மக்கெராஸும் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ஹார்டுவேர் அவ்வளவு எளிமையா இல்லையே, சில நிகழ்வுகளைச் சில கவுன்ட்டரில்தான் வைக்க முடியும், அதை எப்படி கர்னலுக்குள் தீர்ப்பீர்கள் என்று. கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் வேகம் புதிய பக்கம் இருந்தது. கேள்வி கேட்ட மக்கெராஸே அதைப் பவர்பிசிக்குக் கொண்டுபோய் வேலை செய்ய வைத்தார். 2009 செப்டம்பரில் 2.6.31 வெளியீட்டில் அது பிரதான கர்னலில் இருந்தது. அடுத்த வெளியீட்டில் பெயரை பெர்ஃப் ஈவென்ட்ஸ் என்று மாற்றினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எரானியன் மேல் ஒரு பரிவு உண்டு. வருஷக் கணக்கா உழைத்தது ஓரமாகிவிட்டது. ஆனால் மனுஷன் கோபித்துக்கொண்டு போகவில்லை. பிறகு கூகுளில் இருந்துகொண்டு பெர்ஃபுக்கே தொடர்ந்து பேட்ச் அனுப்பினார். நிகழ்வுப் பெயர்களைச் சிப்பின் குறியீடாக மாற்றித் தரும் அவருடைய நூலகம் இன்றும் புழக்கத்தில் இருக்கு.

ஒரு வரி, இரண்டு அகலம்

எளிமையா இருக்கு என்று ஏற்றுக்கொண்ட அதே பெர்ஃபில்தான் 2013-ல் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. கோடை ரிவ்யூ செய்வது பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பெர்ஃபிடம் எந்த நிகழ்வை எண்ணணும் என்று பயனர் கொடுக்கும் எண் 64 பிட் அகலம், குறி இல்லாதது. அதாவது எதிர்ம எண் வர வாய்ப்பே இல்லை. ஆனால் மென்பொருள் நிகழ்வுகளைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனில் அதை எடுத்து வைத்துக்கொண்ட மாறி சாதாரண 'இன்ட்'. 32 பிட், குறி உள்ளது. அடுத்த வரியில் ஒரு சோதனை: இந்த எண் உச்ச வரம்பைவிடப் பெரிதா? பெரிதென்றால் வெளியே போ.

பார்த்தால் சரியாத்தான் இருக்கு. எண்ணை எடுத்தாச்சு, வரம்பும் பார்த்தாச்சு. ஆனால் பயனர் தரும் எண்ணின் 32-ஆவது பிட் எரிந்திருந்தால், இன்ட் கணக்கில் அது எதிர்ம எண். எதிர்ம எண் எந்த வரம்பைவிடவும் சிறியதுதானே? சோதனையைச் சுலபமாகத் தாண்டிவிடும். பிறகு அதையே வரிசையின் இடமெண்ணாக வைத்து, வரிசைக்கு முன்னால் இருக்கும் வேறு ஏதோ மெமரியில் போய் ஒன்றைக் கூட்டும். நிகழ்வை மூடும்போது ஓடும் இன்னொரு ஃபங்ஷனிலோ அதே எண்ணை 64 பிட்டாகவே வைத்திருந்தார்கள். அதனால் கூட்டியது ஓரிடம், கழித்தது வேறிடம். சாதாரணப் பயனர் ஒருவர் தனக்கு வேண்டிய இடத்தில் கர்னல் மெமரியை மாற்றி, ரூட் ஆகிவிடலாம்.

இது 2010-லேயே, 2.6.37-ஐ ஒட்டி உள்ளே வந்தது. மூன்று வருஷம் போல அங்கேயே இருந்தது. கண்டுபிடித்தது படித்துப் பார்த்த கண் இல்லை. டிரினிட்டி என்ற ஃபஸ்ஸர், அதாவது சிஸ்டம் கால்களுக்குக் கண்டபடி எண்களை எறிந்து பார்க்கும் நிரல். 2013 ஏப்ரலில் இன்ட் என்பதை 64 பிட்டாக மாற்றித் திருத்தினார்கள். திருத்தக் குறிப்பில் பாதுகாப்புப் பிரச்சினை என்ற வார்த்தையே இல்லை. மே மாதம் யாரோ ஒருவர் வேலை செய்யும் தாக்குதல் நிரலை வெளியிட்ட பிறகுதான் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். சிவிஇ-2013-2094 என்று தேடினால் கிடைக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய 2.6.32-ஐ வைத்திருந்த ரெட் ஹாட் 6-உம் மாட்டியது. அந்தக் கோடைப் பின்னோக்கி இழுத்து உள்ளே வைத்திருந்தார்கள்.

மெய்ன் பல்கலைக்கழகத்தின் வின்ஸ் வீவர் என்ற பேராசிரியரைப் பற்றி இங்கே சொல்லணும். பெர்ஃபை ஆரம்பத்திலிருந்து விமர்சித்தவர். அந்த சிஸ்டம் காலுக்கான கையேட்டுப் பக்கத்தை எழுதியவரும் அவரே. பெர்ஃபுக்கென்றே தனி ஃபஸ்ஸர் எழுதி, பிழை பிழையாக எடுத்துப் போட்டார். 2013-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இன்னொன்றும் காட்டினார்: டிரைவர் சரியாக இருந்தாலும் ஹார்டுவேர் கவுன்ட்டரே தப்பா எண்ணும். ஒரே நிரலை இரண்டு தடவை ஓட்டினால் எண் மாறும், சில நிகழ்வுகளில் கூடுதலாக எண்ணும். அளவுகோலையே அளக்க வேண்டிய நிலைமை.

பிராசஸரை விட்டு வெளியே

இதுவரை சொன்னதெல்லாம் பிராசஸரின் உள்ளே. மெமரியின் கதை வேறு. 1995-ல் உல்ஃபும் மெக்கீயும் 'மெமரிச் சுவர்' பற்றி ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார்கள். பிராசஸர் வேகம் ஏறும் விகிதமும் மெமரி வேகம் ஏறும் விகிதமும் வேறு வேறு, ஒரு நாள் பிராசஸர் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது என்று. ஜான் மெக்கால்பின் 1991-லேயே ஸ்ட்ரீம் என்ற சின்ன நிரலை வைத்து மெமரி அகலத்தை அளக்கத் தொடங்கியிருந்தார். ஆக, பிரச்சினை எங்கே என்று தெரியும். உள்ளே போய்ப் பார்க்கக் கருவிதான் இல்லை.

மெமரிக் கட்டுப்பாட்டகம் பிராசஸர் சிப்புக்குள் வந்த பிறகு, இன்டெலில் 2008-ன் நெஹலம் முதல், கோருக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கும் கவுன்ட்டர்கள் வந்தன. 'அன்கோர்' என்பார்கள். லினக்ஸ் பெர்ஃபில் சர்வர் சிப்புகளின் அன்கோருக்கு ஒழுங்கான ஆதரவு 2012-ல் வந்தது. இங்கே ஒரு அடிப்படை வித்தியாசம். கோரின் கவுன்ட்டரை ஒரு பிராசஸோடு கட்டலாம். இந்த நிரல் ஓடும்போது மட்டும் எண்ணு, மற்றதுக்கு நிறுத்து என்று சொல்லலாம். மெமரிக் கட்டுப்பாட்டகத்துக்கு யார் கேட்டது என்று தெரியாது. எல்லா கோர்களின் கோரிக்கையும் அங்கே ஒன்றாகக் கலந்துதான் வரும். தெருக்குழாயில் எத்தனை குடம் பிடித்தார்கள் என்று சொல்லலாம், எந்த வீட்டுக் குடம் என்று குழாய்க்குத் தெரியாது.

ஆனால் பெர்ஃபின் அமைப்பு கோரை மனசில் வைத்துக் கட்டியது. எந்த நிகழ்வானாலும் ஒரு சிபியூவில் தொங்கணும். அதனால் மெமரிச் சாதன டிரைவர்கள் எல்லாம் ஒரு சமரசம் செய்துகொள்கின்றன. ஏதாவது ஒரு சிபியூவைப் பிடித்து 'நீதான் இந்தச் சாதனத்துக்குப் பொறுப்பு' என்று வைத்துவிடுவார்கள். அந்த சிபியூவை யாராவது அணைத்தால் பொறுப்பை இன்னொன்றுக்கு மாற்றணும். இந்தக் கைமாற்றத்தில் பிழை விழுவது சகஜம்.

சி.எக்ஸ்.எல். வந்தது

2019 மார்ச்சில் சி.எக்ஸ்.எல். முதல் பதிப்பு வெளிவந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பிகள் மேலேயே ஓடும் ஒரு நெறிமுறை. அதன் வழியாக மெமரியைக் கார்டு மாதிரிச் செருகலாம், பிராசஸர் அதைத் தன் சொந்த மெமரி போலவே படிக்கும். ஏன் இவ்வளவு ஆர்வம்? மேகக் கணினி நிறுவனங்களில் மெமரி வீணாகிறது. ஒரு சர்வரில் கோர்கள் எல்லாம் வாடகைக்குப் போன பிறகு மிச்சமிருக்கும் மெமரியை யாருக்கும் கொடுக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் பாண்ட் என்ற ஆய்வு, அப்படிச் சிக்கிக்கிடக்கும் மெமரி 25% வரை போகிறது என்றது. பொதுக்குளம் மாதிரி மெமரியை வெளியே வைத்தால் பகிர்ந்துகொள்ளலாம்.

விலை, தாமதம். இந்த மெமரி பக்கத்து சாக்கெட்டின் மெமரியைப் போலத் தூரத்தில் இருக்கு. எந்தப் பக்கத்தை அருகில் வைப்பது, எதைத் தூரத்தில் தள்ளுவது என்று யாரோ முடிவெடுக்கணும். அளக்காமல் எப்படி முடிவெடுப்பது? 2022 ஆகஸ்டில் வந்த 3.0 பதிப்பில் அளக்கும் அலகுக்கு ஒரு பொது வரையறை போட்டார்கள். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மாத்திசன் ஒவ்வொரு ரெஜிஸ்டராகத் தட்டிப் பார்த்த காலம் போய், யார் செய்த சாதனமானாலும் ஒரே வடிவத்தில் தன்னைப் பற்றிச் சொல்லணும்: என்னிடம் இத்தனை கவுன்ட்டர், இத்தனை பிட் அகலம், இன்னின்ன நிகழ்வுகளை எண்ணுவேன், இந்தக் கவுன்ட்டர் மாற்ற முடியாதது, அந்தக் கவுன்ட்டர் எதை வேண்டுமானாலும் எண்ணும்.

லினக்ஸுக்கு இந்த டிரைவரை எழுதியவர் ஹுவாவேயில் இருந்த ஜோனதன் கேமரன். ஹார்டுவேர் கையில் கிடைப்பதற்கு முன்பே இந்த மாதிரி வேலை தொடங்கிவிடும். க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டரில் அதே அலகைப் போலியாகச் செய்து, அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் போலியையும் கேமரனே எழுதினார். பல சுற்று ரிவ்யூவுக்குப் பிறகு, டான் வில்லியம்ஸ் பார்த்துக்கொள்ளும் சி.எக்ஸ்.எல். கிளை வழியாக டிரைவர் உள்ளே போய், 2023 ஆகஸ்டில் 6.5-ல் வெளிவந்தது. வரையறை அறிவித்து ஒரு வருஷம்.

போலியும் டிரைவரும் ஒரே கையில் இருந்து வருவதில் ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. வரையறையை நான் தப்பாப் புரிந்துகொண்டால், டிரைவரிலும் தப்பாகவே எழுதுவேன், போலியிலும் அதே தப்பைச் செய்வேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சரி என்று தலையாட்டும். சோதனை தேறிடும். இது கேமரன் மேல் குறை இல்லை, ஹார்டுவேர் வருவதற்கு முன்னால் எழுதும் எவருக்கும் உள்ள பொறி. அதனால்தான் வரையறையையும் கோடையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மூன்றாம் ஆள் வேண்டியிருக்கு.

எதைப் பார்க்கிறார்கள்?

இந்த டிரைவரையும் இதே வகையில் வேறு சிலவற்றையும் வரி வரியாகப் படித்தபோது, நல்ல ரிவ்யூவர்கள் எங்கே விரல் வைக்கிறார்கள் என்று ஒரு ஓட்டம் பிடிபட்டது.

முதலில், மறுக்கத் தெரியுதா? பயனர் ஒரு பிராசஸோடு கட்டி எண்ணச் சொன்னால், இந்தச் சாதனத்தால் முடியாது. மாதிரி எடுக்கச் சொன்னால் அதுவும் முடியாது. முடியாது என்று பிழைக் குறியீட்டோடு திருப்பி அனுப்பணும். சும்மா ஏற்றுக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைக் கொடுப்பதுதான் மோசம். பயனர் அதைத் தன் நிரலின் எண் என்று நம்பிவிடுவார்.

அடுத்தது அந்த ஸ்கூட்டர் மீட்டர். 32 பிட் கவுன்ட்டர் நொடிக்கு நூறு கோடி தடவை ஏறினால் நாலே கால் நொடியில் சுற்றி வந்துவிடும். பழைய எண், புதிய எண், இரண்டின் வித்தியாசம். குறி இல்லாத எண்ணாகக் கழித்து, கவுன்ட்டரின் அகலத்துக்கு வெட்டிக்கொண்டால், ஒரு சுற்று தாண்டியிருந்தாலும் விடை சரியாக வரும். அழகான வித்தை. 00,010-லிருந்து 99,990-ஐக் கழித்து ஐந்து இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டால் 20 வரும், போட்டுப் பாருங்க. ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் ஓடியிருந்தால்? அதற்குத்தான் நிறையும்போது இன்டரப்ட். அந்தச் சேதி வந்தால், வித்தியாசத்தோடு ஒரு முழுச் சுற்றையும் கூட்ட வேண்டுமா என்று டிரைவர் யோசிக்கணும். ஒரு முழுச் சுற்று என்பது 1-ஐ இத்தனை இடம் நகர்த்தியது. சி மொழியில் சும்மா 1 என்றால் அது 32 பிட் இன்ட். 40 இடம் நகர்த்தினால் போச்சு. 64 பிட்டாக எழுதினாலும், கவுன்ட்டரே 64 பிட் அகலமாக இருந்தால் 64 இடம் நகர்த்துவது சி மொழியில் வரையறுக்கப்படாத செயல். இந்த மாதிரிக் கோடில் நகர்த்தும் குறி வந்தால் எனக்கு இப்போதெல்லாம் கண் தானாக நின்றுவிடுகிறது. 2013 இன்ட் கதையின் சொந்தக்காரன் இவன்.

படிக்கும் நேரத்தில் இன்டரப்ட் வந்தால்? ஒரே வித்தியாசத்தை இரண்டு தடவை கூட்டிவிடக் கூடாது. அதற்காகப் பழைய எண்ணை மாற்றும்போது 'நான் பார்த்த பிறகு வேறு யாரும் தொடவில்லை என்றால் மட்டும் மாற்று' என்ற அணுக் கட்டளையைச் சுற்றி ஒரு லூப் போடுவார்கள். டிரைவர்களில் இந்த நாலு வரியை ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். ஒட்டியதில் தப்பு வருவது அபூர்வம், ஏன்னா ரிவ்யூவர்களுக்கு அது மனப்பாடம். தப்பு வருவது யாருக்கும் மனப்பாடம் ஆகாத இடத்தில்.

அந்த இடம் எது? அட்டவணை. வரையறையில் நிகழ்வு அட்டவணை நீளமா இருக்கும். குழு எண், பெயர், பிட் எண். டிரைவரில் அது அறுபது எழுபது வரி ஒரே மாதிரி ஓடும். படிக்கிறவரின் கண் பத்தாவது வரியில் தூங்கிவிடும். நான் முதலில் சொன்ன 3 அங்கேதான் இருந்தது. மெமரியிலிருந்து பிராசஸருக்குத் திரும்பும், தரவு இல்லாத பதில்களின் பட்டியல். அதில் முந்தைய மூன்றும் 0, 1, 2. அடுத்து என்ன வரும்? கை தானாக 3 என்று எழுதும், கண்ணும் தானாகச் சரி என்று சொல்லும். வரையறையிலோ அந்த இடத்தில் ஒரு தாவல், நாலாவது பதிலின் குறியீடு 4. இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம், ஆனால் எனக்கும் அதே தப்பு வந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

அதே காலத்தில் அதே டிரைவரில் இன்னொரு திருத்தமும் வந்தது. குறிப்பிட்ட முகவரிப் பகுதிக்கு மட்டும் எண்ணு என்று வடிகட்ட ஒரு ரெஜிஸ்டர் இருக்கு. வரையறையில் அதன் மதிப்பு 4 பைட். கோடில் 2 பைட் என்று எடுத்திருந்தார்கள். கோடுக்கு மேலே இருந்த கமெண்டிலும் 2 பைட் என்றே இருந்தது. கமெண்டும் கோடும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை போல. மறுபடியும் அகலம்தான். 40 பிட்டில் தொடங்கி, 32-க்கும் 64-க்கும் நடுவில் ஓட்டை விழுந்து, இப்போ 16-க்கும் 32-க்கும் நடுவில்.

இரண்டு திருத்தங்களின் குறிப்பும் ஒரே அச்சு: வரையறையின் இந்தப் பிரிவு, இந்த அட்டவணை, இப்படிச் சொல்கிறது, கோடு அப்படிச் சொல்கிறது. வேறு வாதமே இல்லை. யாரோ ஒருவர் புத்தகத்தை ஒரு பக்கமும் கோடை இன்னொரு பக்கமும் விரித்து வைத்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்திருக்கிறார். கேமரனும் மறுப்பேதும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்படியான திருத்தம்தான் அது.

இதைப் படித்த பிறகு நானும் வரையறையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அட்டவணையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தேன். வரையறை இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது, மின்னஞ்சல் கொடுத்து நிபந்தனைகளுக்குச் சம்மதித்தால் போதும். புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு இடத்தில் அகப்பட்டுவிட்டது என்று துள்ளினேன். இரண்டிலும் நான்தான் அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் படித்திருந்தேன்.